மரச்சட்ட வீடுகளின் வழியே: ஜெர்மனியில் கொஸ்லார் முதல் லிம்பர்க் வரை ஒரு முழுமையான பயண வழிகாட்டி

ஜெர்மனியில் ‘டாய்ச்சே ஃபாக்வெர்க்ஷ்ட்ராசே’, அதாவது ஜெர்மன் மரச்சட்ட வீட்டுச் சாலை, என்றொரு சுற்றுலாச் சாலை இருக்கிறது. வடக்கே எல்பே ஆற்றை ஒட்டிய ஷ்டாடே ஊரில் தொடங்கி, தெற்கே போடன் ஏரி வரை, சுமார் நூறு ஊர்களைக் கோத்துக்கொண்டு ஏறக்குறைய 3,000 கி.மீ. ஓடுகிறது. 1990இல் ஏற்படுத்தினார்கள். புதிதாகப் போட்ட சாலை எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த கிராமச் சாலைகளையும் மாவட்டச் சாலைகளையும் சேர்த்துப் பழுப்புப் பலகை நட்டு, ஏழெட்டுக் கிளைகளாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்களில் உள்ள பழைய மரச்சட்ட வீடுகள்தான் இவற்றை ஒன்றாகக் கட்டும் நூல்.

முழுச் சாலையையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்களைத் தடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் வேலை. நாளைக்கு நான்கு ஊர் என்று ஓடினால், சீக்கிரமே எல்லா ஊரும் ஒரே ஊராகத் தெரியும்: ஒரு சந்தைத் திடல், ஒரு தேவாலயம், கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர், ஐஸ்கிரீம் கடை. ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சின்ன ஊர்களில் இரவு தங்கி, வீடுகளைப் பார்க்கத் தெரிந்துகொண்டு நடந்தால் கதையே வேறு.

எந்தத் துண்டு?

நான் சொல்வது ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் கொஸ்லாரில் தொடங்கி, வெர்னிகரோடே, க்வெட்லின்பர்க், ஷ்டோல்பெர்க், டூடர்ஷ்டாட், ஹன்னோவர்ஷ் மூண்டென் வழியாக ஹெஸ்ஸன் மாநிலத்துக்குள் இறங்கி, மெல்சுங்கன், ஃபிரிட்ஸ்லார், ஆல்ஸ்ஃபெல்ட், லிம்பர்க் பார்த்துவிட்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் முடிக்கும் வழி. ஐந்நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். எட்டு அல்லது ஒன்பது நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

பழுப்புப் பலகையை அடியொற்றிப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பார்க்க வேண்டிய ஊர் பக்கத்தில் இருந்தால் சாலையை விட்டு விலகித்தான் போக வேண்டும். நானும் அப்படித்தான் வழியைக் கட்டியிருக்கிறேன்.

இந்தத் துண்டைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். வட ஜெர்மானியப் பாணியில் தொடங்கி நடு ஜெர்மானியப் பாணியில் முடிவதால், வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். இன்னொன்று, பழைய கிழக்கு–மேற்கு எல்லையை இருமுறை தாண்டுகிறோம். மேற்கில் போருக்குப் பிறகு கையில் காசு வந்ததும் ‘நவீனமாக்குகிறோம்’ என்று எத்தனையோ பழைய தெருக்களை இடித்தார்கள். கிழக்கில் இடிக்கவும் காசில்லை, பழுதுபார்க்கவும் காசில்லை. வீடுகள் நின்றபடியே நொறுங்கிக்கொண்டிருந்தன. இன்று இரண்டு பக்கமும் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் எப்படித் தப்பின என்ற கதை ஊருக்கு ஊர் வேறு.

ஃபிராங்க்ஃபர்ட் ரோமர்பெர்க் திடலில் வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் படம் எடுத்துவிட்டு ‘பார்த்தாகிவிட்டது’ என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த வரிசை 1944 குண்டுவீச்சில் எரிந்து, 1980களின் தொடக்கத்தில் மறுபடி கட்டப்பட்டது. நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் 500 வருடம் மழையில் நனைந்த ஓக் மரம் எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே போகக் கூடாது.

எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. மே, செப்டம்பர் இரண்டும் மிக நல்லவை. ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் நீளம், ஆனால் அறை வாடகை ஏறும். நவம்பர், ஜனவரி, பிப்ரவரியில் நான்கரை, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

டிசம்பர் தனிக் கணக்கு. க்வெட்லின்பர்க்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிகளில், சாதாரணமாகப் பூட்டியிருக்கும் வீட்டு உள்முற்றங்களைத் திறந்துவிட்டுச் சந்தை நடத்துகிறார்கள். வீடுகளின் பின்பக்கத்தைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் கூட்டம் நெரியும். அறைக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

காரா, ரயிலா?

இரண்டுமே முடியும். காரில் போனால் பத்து ஊரையும் பார்க்கலாம். ரயிலில் என்றால் ஷ்டோல்பெர்க்கையும் டூடர்ஷ்டாட்டையும் விட்டுவிடுவது நல்லது. டூடர்ஷ்டாட்டுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது, கோட்டிங்கனிலிருந்து பேருந்துதான்.

ரயில் வழி இப்படி: ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஐசிஇ ரயிலில் ஹனோவர்; அங்கிருந்து வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போனால் கொஸ்லார். கொஸ்லாரிலிருந்து வெர்னிகரோடே. அங்கிருந்து ஹால்பர்ஷ்டாட்டில் மாறி க்வெட்லின்பர்க். பிறகு கோட்டிங்கன் வந்து, காசல் போகும் ரயிலில் ஹன்னோவர்ஷ் மூண்டென். காசலிலிருந்து மெல்சுங்கன் அரை மணி நேரம். ஃபிரிட்ஸ்லாருக்கு வாபெர்ன் வழியாகப் போக வேண்டும். ஆல்ஸ்ஃபெல்ட், கீசன்–ஃபுல்டா கிளைப்பாதையில் இருக்கிறது. கீசனிலிருந்து லான் ஆற்றங்கரையோடு லிம்பர்க்.

வட்டார ரயிலுக்கும் பேருந்துக்கும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்ற மாதச் சீட்டு இருக்கிறது. 2023இல் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது; விலை ஏறிக்கொண்டே போகிறது, கிளம்பும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் அது செல்லாது. அது மாதச் சந்தா என்பதால், வாங்கியதும் ரத்து செய்யும் கடைசித் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.

கார் எடுப்பவர்கள் ஹனோவரில் எடுத்து ஃபிராங்க்ஃபர்ட்டில் விடலாம். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக்கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்; அதை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று: பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அவர் ஒரு சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவருக்குத்தான் முன்னுரிமை, அவரும் தயங்காமல் வந்துவிடுவார். பழைய ஊர்களில் இப்படிச் சந்திப்புகள்தான் நிறைய.

பழைய நகரத்துக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். வெளியே மதிலை ஒட்டி நிறுத்துமிடம் இருக்கும். சில இடங்களில் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் நீல நிற அட்டைக் கடிகாரம் ஒன்றை முன்கண்ணாடியில் வைக்கச் சொல்வார்கள். நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும், 10.10க்கு வந்தால் 10.30. வாடகைக் காரின் கதவுப் பையில் பெரும்பாலும் ஒன்று கிடக்கும்.

கிளம்பும் முன்: ஒரு வீட்டைப் பார்ப்பது எப்படி?

இதைப் படித்துவிட்டுப் போனால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இந்த வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவர் இல்லை, சட்டம். கீழே ஈரம் ஏறாமல் இருக்கக் கல் அடித்தளம். அதன்மேல் படுக்கையாக ஒரு தடித்த உத்தரம். அதில் செருகிய தூண்கள், தூண்களுக்கு நடுவே குறுக்குச் சட்டங்கள், ஆடாமல் இருக்கச் சாய்வுச் சட்டங்கள், தலைமேல் இன்னோர் உத்தரம். இடையில் வரும் கட்டங்களில் குச்சிகளை நட்டு, வளாரால் பின்னி, வைக்கோல் நறுக்கிப் போட்ட களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பிச் சுண்ணாம்பு பூசினார்கள். கயிற்றுக் கட்டிலில் எடையைச் சட்டம் தாங்குகிறது, கயிறு நடுவை நிரப்புகிறது அல்லவா, அதுபோலத்தான். கட்டத்தில் உள்ள மண் முழுவதையும் பெயர்த்து எடுத்தாலும் வீடு நிற்கும்.

கிட்டே போய் இணைப்பைப் பாருங்கள். தூணின் முனையில் செதுக்கிய நாக்கு உத்தரத்தின் துளைக்குள் போயிருக்கும். இரண்டையும் சேர்த்துத் துளைத்து ஓக் முளை அடித்திருப்பார்கள். சில இடங்களில் அந்த முளையின் தலை விரல்கணு அளவுக்கு இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே வேலை செய்தார்கள். பச்சை ஓக் அறுக்கவும் செதுக்கவும் எளிது. பிறகு காயக் காயச் சுருங்கி முளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் முறுக்கவும் செய்யும். ஒரு கோடுகூட நேராக இல்லாத வீடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இணைப்பின் அருகே உளியால் கீறிய கோடுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ரோமன் எண்போல இருக்கும்: மூன்று கோடு, ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் சின்ன வெட்டு. தச்சர்கள் முழுச் சட்டத்தையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று எண் போட்டு, பிரித்து எடுத்துப்போய் மனையில் தூக்கி நிறுத்தினார்கள். தேவைப்பட்டால் அதே முறையில் வீட்டைப் பிரித்து வேறிடத்துக்கும் கொண்டுபோகலாம்.

வயதைக் கணிக்கச் சில அடையாளங்கள். தூண் ஒன்றே அடித்தளத்திலிருந்து கூரை வரை இரண்டு மாடிக்கும் சேர்த்து ஓடினால் அது மிகப் பழையது, 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான முறை. மாடிக்கு மாடி தனிச் சட்டமாக அடுக்கி, மேல்மாடி தெருப்பக்கம் பிதுங்கி நின்றால் அதற்குப் பிந்தையது. பிதுக்கம் குறைந்து முகப்பு தட்டையாகிவிட்டால் 17, 18ஆம் நூற்றாண்டை நெருங்கிவிட்டோம். மேல்மாடி பிதுங்குவது வரியைத் தவிர்க்கத்தான் என்று பல ஊர் வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். மேலே இடம் கூடுதலாகக் கிடைப்பது, கீழ்ச் சட்டத்தின்மேல் மழைநீர் விழாமல் காப்பது, உத்தரம் நடுவில் தொய்யாமல் இருப்பது என்று கட்டடத்துக்குள்ளேயே போதுமான காரணங்கள் உண்டு.

அலங்காரத்தைப் பார்த்தால் ஊர்ப்பக்கம் தெரியும். ஹார்ட்ஸ் பக்கத்தில் தூண்கள் நெருக்கமாக நிற்கும். மாடி உத்தரத்தில் பாதி வட்ட விசிறிபோல விரியும் செதுக்கல் இருக்கும், 16ஆம் நூற்றாண்டின் பிடித்தமான கோலம் அது. ஹெஸ்ஸனுக்குள் போனதும் விசிறி மறைந்துவிடும். மூலைத் தூண்களின் இரு பக்கமும் வளைந்த சட்டங்கள் சேர்ந்து, கையையும் காலையும் அகட்டி நிற்கும் ஆள்போல ஓர் உருவம் வரும். அதை ‘மான்’ என்பார்கள், மனிதன்.

வாசலுக்கு மேலே உத்தரத்தில் எழுத்து இருந்தால் நின்று பாருங்கள். கட்டிய ஆண்டு, கணவன் மனைவி பெயர், ஒரு பைபிள் வரி. சில வீடுகளில் தச்சரின் பெயரும் இருக்கும்.

இன்னொன்று, பழைய படங்களில் இந்த ஊர்கள் இப்படி இருக்காது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தீப்பிடிக்கும் பயத்தாலும், கல்வீடுபோல இருந்தால்தான் மதிப்பு என்பதாலும் மரத்தின்மேல் காரை பூசி மறைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில்தான் சுரண்டி வெளியே கொண்டுவந்தார்கள். அப்போது சில இடங்களில் சிமெண்ட் வைத்து இடுக்கை அடைத்தார்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், ஐந்நூறு வருடம் தாங்கிய ஓக் சில பத்தாண்டுகளில் பொதபொதவென்று அழுகியது. இப்போது களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்குமே திரும்பிவிட்டார்கள். எங்காவது சாரம் கட்டிய வீட்டைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். பழுதுபார்க்கும் வேலையை அருகில் பார்க்கும் வாய்ப்பு அது.

கொஸ்லார்: ஒரு இரவு

இந்த ஊருக்குக் காசு வந்தது ராமல்ஸ்பெர்க் மலையிலிருந்து. வெள்ளி, செம்பு, ஈயம் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேல் தோண்டிய சுரங்கம் 1988இல்தான் மூடப்பட்டது. 1992இல் சுரங்கமும் பழைய நகரமும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சுரங்கத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

ஊருக்குள் ப்ரூஸ்ட்டூக் என்ற வீட்டைத் தேடிப் பிடியுங்கள். 16ஆம் நூற்றாண்டில் சுரங்கத்தில் பணம் பார்த்த ஒருவர் கட்டியது. கீழ்த்தளம் கல், மேலே மரம், மரம் முழுக்கச் செதுக்கல்: குரங்குகள், தேவதைகள், விலங்குகள். அவற்றுக்கு நடுவே வெண்ணெய் கடையும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு கையால் மத்தைப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையால் பாவாடையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டுகிறாள். ஏன் என்று ஊரில் பல கதை உண்டு. தேவாலயத்துக்கு எதிரே இவ்வளவு தைரியமாக ஒரு வீடு என்பதுதான் எனக்குப் பிடித்தது.

1693இல் கட்டிய சீமென்ஸ் வீடும் இங்கே இருக்கிறது. இன்று உலகறிந்த சீமென்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரின் மூதாதையர் வீடு. சந்தைத் திடலில் நண்பகலில் மணிகள் இசைக்க, சுரங்கத் தொழிலாளர் பொம்மைகள் வெளியே வரும். அதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தை விட்டுப் பின்தெருக்களில் நடந்தால் ஊர் உங்களுக்கே.

வெர்னிகரோடே: ஒன்று அல்லது இரண்டு இரவு

சுமார் 35 கி.மீ. தாண்டினால் பழைய கிழக்கு ஜெர்மனி. நகர மன்றக் கட்டடம் அழகு: இரண்டு கூர்முனைக் கோபுரங்கள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்றைய உருவத்துக்கு வந்தது. அதன் முன்னால்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள்.

நீங்கள் கோஹ்ஷ்ட்ராசேயில் உள்ள மிகச் சின்ன வீட்டுக்குப் போங்கள். அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. குனிந்துதான் நுழைய வேண்டும். அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ‘சாய்ந்த வீடு’ ஒன்றும் இருக்கிறது. முன்பு தண்ணீரால் ஓடும் ஆலையாக இருந்தது, கால்வாய்த் தண்ணீர் அடியை அரித்துவிட்டதால் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பிரைட்டே ஷ்ட்ராசேயில் 1674ஆம் ஆண்டின் க்ரும்மெல் வீடு. அதன் முகப்பில் சட்டமே தெரியாது, முழுவதும் செதுக்கிய பலகையால் மூடியிருப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. தச்சு வேலையைவிடப் பண வேலை தெரிகிறது.

இரண்டாம் இரவு தங்கினால் ப்ரோக்கன் மலைக்கு நீராவி ரயிலில் போகலாம். உயரம் 1,141 மீட்டர். ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லைப் பகுதி என்பதால் பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்குத் தடை. 1989 டிசம்பர் 3 அன்றுதான் மக்கள் திரண்டு போய் வாயிலைத் திறக்கவைத்தார்கள். உச்சியில் ஆண்டின் பெரும்பகுதி மூடுபனிதான். வெப்கேமராவில் மலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், விலை குறைவில்லை.

க்வெட்லின்பர்க்: இரண்டு இரவு, கட்டாயம்

நாள் பற்றாக்குறை என்றால் வேறெங்கும் குறைத்துக்கொள்ளுங்கள், இங்கே குறைக்காதீர்கள். ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள், ஆறு நூற்றாண்டு வேலை, ஒரே ஊரில். 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

முதலில் வோர்ட்காசே 3ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். கூரை வரை ஒரே தூண் ஓடும் முறையில் கட்டியது. மரத்தின் வளர்ச்சி வளையங்களைக் கணக்கிட்டு 1346–47இல் வெட்டிய மரம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்த அலங்காரமும் இல்லை. வெறும் தூணும் சட்டமும். உள்ளே மரச்சட்ட வீட்டு அருங்காட்சியகம். மாதிரி வடிவங்களை வைத்து நூற்றாண்டு வாரியாக விளக்கியிருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தெருவே பாடப்புத்தகம் ஆகிவிடும்.

பிறகு ஷ்டீக் தெரு, சந்தைத் திடல், ஃபிங்கன்ஹெர்ட். இவற்றில் நடக்கத் திட்டம் தேவையில்லை. பழுதுபார்த்த வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஜன்னலில் பலகை அடித்துக் கேட்பாரற்று நிற்கும் வீடும் இருக்கும். கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் இங்கும் பழைய பகுதிகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டங்கள் இருந்தன; பெருமளவு நடக்கவில்லை. அந்தப் பாழ் வீடுகளையும் கவனியுங்கள். களிமண் விழுந்து குச்சிப் பின்னல் வெளியே தெரியும் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால், எந்த அருங்காட்சியகப் படத்தையும்விடத் தெளிவாகப் புரியும்.

கோட்டைக் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் 936இல் இறந்த முதலாம் ஹென்றி மன்னர் அடக்கம். அங்கே கருவூலம் ஒன்று இருக்கிறது. 1945இல் ஓர் அமெரிக்கப் படைவீரர் அதிலிருந்து பொருள்களை எடுத்துத் தபாலில் டெக்சாஸில் உள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பொன் பதித்த அட்டை கொண்ட சுவிசேஷப் பிரதியும் அதில் அடக்கம். அவர் இறந்த பிறகு வாரிசுகள் விற்கப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1990களில் திரும்ப வந்து சேர்ந்தன.

குன்றை எதிரிலிருந்து பார்க்க ம்யூன்ட்சன்பெர்க் மேட்டில் ஏறுங்கள். கைவிடப்பட்ட கன்னியர் மடத்தின் இடிபாட்டுக்குள்ளேயே 16ஆம் நூற்றாண்டில் ஏழைகள் கூடு கட்டியதுபோல வீடு கட்டிக்கொண்ட இடம் அது. வீட்டுச் சுவர் சில இடங்களில் தேவாலயச் சுவராகவே இருக்கும். மாலை வெளிச்சத்துக்கு ஏற்ற இடம்.

ஷ்டோல்பெர்க், டூடர்ஷ்டாட்: காரில் வருபவர்களுக்கு

ஷ்டோல்பெர்க்கில் மதியச் சாப்பாடு. குறுகிய பள்ளத்தாக்கில் நீளமாக ஒரே தெருபோல ஊர். 1452ஆம் ஆண்டின் நகர மன்றக் கட்டடத்துக்கு உள்ளே படிக்கட்டு கிடையாது. மேல்மாடிக்குப் போகப் பக்கத்தில் தேவாலயத்துக்கு ஏறும் வெளிப்படிதான். விவசாயிகள் கிளர்ச்சியில் முன்னின்ற தாமஸ் முன்ட்சர் பிறந்த ஊர் இது.

மாலைக்குள் டூடர்ஷ்டாட். 1302இல் தொடங்கிய நகர மன்றம் இன்னும் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம். ஊர் மதிலின் மேற்கு வாயில் கோபுரத்தின் கூரை முறுக்கிப் பிழிந்ததுபோல இருக்கும். பேயின் வேலை என்பது ஊர்க்கதை, காயாத மரத்தின் வேலை என்பது தச்சர் கதை. ஊரைச் சுற்றியிருந்த பழைய மண்மேட்டின்மேல் மரநிழலில் ஒரு முழு வட்டம் நடக்கலாம். அருகே டைஸ்டுங்கனில் பழைய எல்லைச் சாவடி அருங்காட்சியகமாக இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் அங்கே கொடுங்கள்.

ஹன்னோவர்ஷ் மூண்டென்: ஒரு இரவு

வெர்ரா, ஃபுல்டா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து வேசர் ஆறாகும் இடம். சேரும் முனையில் 1899இல் ஒரு கல்லை நட்டு, இரண்டும் முத்தமிடும் இடத்தில் தங்கள் பெயரை இழக்கின்றன என்று கவிதை பொறித்திருக்கிறார்கள். ஆறுகள் கூடுவதால் ஊர் பணக்கார ஊரானது. 1247இல் கிடைத்த உரிமைப்படி, இந்த வழியாகப் போகும் வணிகர்கள் சரக்கை இறக்கி, ஊர்க்காரர்களுக்கு விற்பனைக்குக் காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எழுநூறு சொச்சம் மரச்சட்ட வீடுகளும் அந்தக் காசில் வந்தவை.

டாக்டர் ஐசன்பார்ட் 1727இல் இங்கேதான் இறந்தார். கேலிப் பாட்டால் போலி வைத்தியராகப் பெயர் வாங்கிவிட்டவர். உண்மையில் கண்புரை, குடலிறக்கம் ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்த தேர்ந்த கைக்காரர். நகர மன்றச் சுவரில் மணி அடிக்கும்போது அவரும் பொம்மையாக வருவார், நோயாளியின் பல்லைப் பிடுங்குவார்.

ஹெஸ்ஸன்: மெல்சுங்கன், ஃபிரிட்ஸ்லார், ஆல்ஸ்ஃபெல்ட்

இங்கே சட்டங்கள் மாறுவதைக் கவனிக்கத் தொடங்குங்கள். விசிறிச் செதுக்கல் போய் ‘மான்’ உருவம் வந்திருக்கும்.

மெல்சுங்கன் சிறிய ஊர், இரண்டு மணி நேரம் போதும். 1556இல் கட்டிய நகர மன்றம் திடலின் நடுவில் தனியாக நிற்கிறது. ஆற்றுப் பாலத்தின் மணற்கல் கைப்பிடிச் சுவரில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்: காட்டுக்குப் போகும் மரவெட்டிகள் கோடாரியைத் தீட்டித் தீட்டி ஏற்பட்ட பள்ளங்கள் வழவழவென்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கே ‘கோடாரி தீட்டுகிறவர்கள்’ என்று பட்டப்பெயர். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஊசிக்குழாயிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும் பார்க்கும் ‘பி. பிரவுன்’ நிறுவனம் இந்த ஊருடையதுதான், 1839இல் தொடங்கியது.

ஃபிரிட்ஸ்லாரில் 919இல் முதலாம் ஹென்றியை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். க்வெட்லின்பர்க்கில் கல்லறையைப் பார்த்தோமே, அதே ஹென்றி. அதற்கும் முன்பு 723இல் போனிஃபேசியஸ் என்ற துறவி, மக்கள் வழிபட்டு வந்த ஓக் மரத்தை இந்தப் பக்கத்தில்தான் வெட்டிச் சாய்த்தார். ஊரின் சந்தைத் திடல் ஹெஸ்ஸனிலேயே எனக்கு மிகப் பிடித்தது. ஒல்லியான முகப்புகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.

ஆல்ஸ்ஃபெல்ட்டில் இரவு தங்குங்கள். நகர மன்றம் 1512 முதல் 1516 வரை கட்டியது: கீழே கல்லால் வளைவுகள் கொண்ட திறந்த கூடம், மேலே இரண்டு மரச்சட்ட மாடி. கீழே சந்தை, மேலே சபை. வளைவுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் அவ்வளவு பாரத்தையும் எப்படி நிறுத்தினார்கள் என்று புரியும். மேற்கு ஜெர்மனியில் இடிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில், 1975இல், பழைய நகரத்தைக் காப்பாற்றிய ஐரோப்பிய முன்மாதிரி ஊர்களில் ஒன்றாக இதை அறிவித்தார்கள். இன்று பல ஊர்களில் நாம் பார்ப்பது அந்த மனமாற்றத்தின் பலன்.

லிம்பர்க்

லான் ஆற்றின் மேல் பாறையில் ஏழு கோபுரத் தேவாலயம். பழைய ஆயிரம் மார்க் நோட்டின் பின்பக்கம் இருந்தது இதுதான். அதன் அடிவாரத்தில் ரோமர் தெருவில் 2–4–6 எண் கொண்ட வீடு 1289ஆம் ஆண்டினது. ஜெர்மனியில் தனித்து நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெயர்ப்பலகையைப் பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள், அவ்வளவு எளிமை. ப்ரூக்கன்காசேயில் 1567இல் கட்டிய ‘ஏழு பாவங்களின் வீடு’. உத்தர முனைகளில் கர்வம், பொறாமை, பெருந்தீனி, சோம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். எந்த முகம் எது என்று பலகையைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முயலுங்கள். குழந்தைகளோடு போனால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

தங்குமிடம், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை

மரச்சட்ட வீட்டிலேயே அறை எடுக்கலாம், பல ஊர்களில் கிடைக்கும். லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், தரை சரிந்திருக்கும், மேலறையில் உத்தரம் நெற்றியில் இடிக்கும். பெரியவர்கள் கூட வந்தால் தரைத்தள அறை கேளுங்கள். தேவாலய மணி இரவிலும் அடிக்கலாம். நான்கு பேராகப் போகிறவர்களுக்கு சமையலறையோடு கூடிய ‘ஃபேரியன்வோனுங்’ எனப்படும் விடுமுறை வீடு மலிவாக வரும், சோறு வடித்துக்கொள்ளவும் வசதி. ஹார்ட்ஸ் ஊர்களில் அறை வாடகையோடு ஒரு சிறு விருந்தினர் வரி வாங்குவார்கள். அதற்குக் கொடுக்கும் அட்டையில் உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகப் போகலாமா என்று கேளுங்கள். வெர்னிகரோடேயில் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சின்ன ஊர் உணவகம் கொஞ்சம் சோதனை. உருளைக்கிழங்கு அடையை ஆப்பிள் கூழோடு தருவார்கள், எங்கும் கிடைக்கும். ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் காலம். ஹெஸ்ஸனில் ஏழு தழைகளை அரைத்துச் செய்யும் ‘பச்சை சாஸ்’ வேகவைத்த உருளையோடும் முட்டையோடும் வரும், துணிந்து சாப்பிடலாம். கவனம் வேண்டியது சாலட், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு சூப் மூன்றிலும்: ‘ஷ்பெக்’, அதாவது பன்றிக்கொழுப்புத் துண்டு, சொல்லாமல் போட்டிருப்பார்கள். ‘ஓனே ஷ்பெக், ஓனே ஃப்ளைஷ்’ (ஷ்பெக் இல்லாமல், இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். க்வெட்லின்பர்க்கில் பாலாடைக்கட்டி கேக் சாப்பிடாமல் வராதீர்கள்.

சமையலறை பல இடங்களில் மதியம் இரண்டுக்கு மூடி மாலை ஐந்தரைக்குத் திறக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். திங்களோ செவ்வாயோ உணவகத்துக்கு வார விடுமுறை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள் மூடல். ஞாயிறன்று கடைகள் அடைப்பு, பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம். சனிக்கிழமை மாலையே பால், ரொட்டி, தயிர் வாங்கிவிடுங்கள். பழைய ஊர்க் காப்பிக்கடைகளில் ‘காசு மட்டும்’ என்ற பலகை இன்னும் உண்டு. ஐம்பது யூரோவாவது சில்லறையாகக் கையில் இருக்கட்டும். தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. சக்கரப் பெட்டியைவிட முதுகுப்பை நல்லது, குழந்தைத் தள்ளுவண்டிக்குப் பெரிய சக்கரம் வேண்டும்.

நாள் குறைவாக இருந்தால்

ஐந்து நாள்தான் என்றால் கொஸ்லார் ஒன்று, க்வெட்லின்பர்க் இரண்டு, ஹன்னோவர்ஷ் மூண்டென் ஒன்று, ஆல்ஸ்ஃபெல்ட் ஒன்று; வெர்னிகரோடேயைக் க்வெட்லின்பர்க் போகும் வழியில் சில மணி நேரம் பாருங்கள். மூன்று நாள் என்றால் ஹெஸ்ஸனை விட்டுவிட்டு க்வெட்லின்பர்க்கில் தங்கியபடி வெர்னிகரோடே, கொஸ்லார் இரண்டுக்கும் போய் வாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற ஒரு பகல் மட்டும் கிடைத்தவர்கள் லிம்பர்க்குக்கு வட்டார ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், மாலைக்குள் திரும்பிவிடலாம். வெளியே வர உங்கள் விசா அனுமதிக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.